அகப்பைக் காம்பின் நீளம்



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு தலைவரைப் பற்றியோ ஒரு போராட்டத்தைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். இந்த ஆண்டு ஒரு சமையல் சாமானைப் பற்றிப் பேசலாம் என்றபோது நம் அரங்கத்துக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. "ஆப்பையில என்னங்க வரலாறு இருக்கு?" என்று மூத்த தோழர் ஒருவர் கேட்டார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று அவருக்கு அப்போதைக்குப் பதில் சொல்லிவைத்தோம். சட்டியில் என்ன இருந்தது, அகப்பையில் எவ்வளவு வந்தது, அதை யார் யாருக்கு எத்தனை அடி தள்ளி நின்று ஊற்றினார்கள் என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள காலனிகளில் இன்று போய் அகப்பை கேட்டால் பெரும்பாலும் எவர்சில்வர் கரண்டியைத்தான் காட்டுவார்கள். கொட்டாங்குச்சி அகப்பை பரணில் கிடக்கும், அல்லது அடுப்பில் போய்ச் சேர்ந்திருக்கும். அதைச் செய்யும் விதத்தை மாணவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். முற்றிய தேங்காயை உடைத்தால் இரண்டு மூடி. ஒன்றில் மூன்று கண் இருக்கும், மற்றதில் இருக்காது. அகப்பைக்கு எடுப்பது கண் இல்லாத மூடியைத்தான். மூன்று கண்ணில் ஒன்று மெல்லியது, முளை வருகிற வழி அது. அது திறந்துகொண்டால் மூடி ஒழுகும். எடுத்த மூடியின் நாரை அரிவாளால் சீவி, உடைந்த கண்ணாடிச் சில்லால் வழவழப்பாகச் சுரண்டுவார்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே எதிரெதிராக இரண்டு துளை போட்டு, சீவிய மூங்கில் சிம்பை ஒன்றில் நுழைத்து மற்றதில் இறுக்குவார்கள். நனைந்தால் மூங்கில் உப்பிக்கொண்டு இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். ஆணி வேண்டாம், ஆசாரி வேண்டாம். அரை மணி நேர வேலை.

கண் உள்ள மூடி என்ன ஆகும்? எங்கள் ஆயா ஒருவர் சொல்லக் கேட்டது இது. ஆண்டை வீட்டுப் பின்வாசலில் நடவுக்குப் போன பெண்களுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். வேலியில் செருகி வைத்திருக்கும் கொட்டாங்குச்சியை அவரவரே எடுத்து, கழுவி, நீட்ட வேண்டும். "நல்ல மூடி அவங்க ஆப்பைக்கி. கண்ணு உள்ளது நமக்கு. அந்தக் கண்ண வெரலால பொத்திக்கிட்டுதான் குடிப்போம்." ஒரே தேங்காய்தான். ஒரு பாதிக்குக் காம்பு கிடைத்தது, மற்றப் பாதிக்கு எங்கள் ஆயாவின் விரல் கிடைத்தது. அகப்பை என்ற சொல்லைக் கேட்டால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த விரல்தான். அதனால்தான் இந்தப் பேச்சு.

அகப்பை வெறும் கரண்டியல்ல, தூரத்தை அளக்கிற கருவி. காம்பு நீளமாக இருப்பதற்கு அடுப்பின் சூடு ஒரு காரணம். ஆனால் அடுப்படியை விட்டு வாசலுக்கு வந்த பிறகு அந்த நீளம் வேறு வேலை செய்கிறது. ஊற்றுகிற கையும் வாங்குகிற கையும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்கிறது. அதற்கும் மேலே அகப்பை தூக்கிப் பிடிக்கப்பட்டது. கஞ்சியின் தாரை பாலமாகிவிடக் கூடாது என்ற அச்சம்!

மரத்தில் செதுக்கிய துடுப்பும் நம் வீடுகளில் இருந்தது. கேழ்வரகுக் கூழும் களியும் கிண்டுகிறவர்களுக்குக் கொட்டாங்குச்சி போதாது, கெட்டிப்படும்போது மூடி உடைந்துவிடும். வேம்பிலோ பூவரசிலோ தட்டையாகச் செதுக்கிய துடுப்புதான் தாங்கும். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது காலனிக் கோவில் வாசலில் அண்டாவுக்குள் கைமாற்றிக் கைமாற்றித் துழாவுவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஊர்க் கோவிலில் ஒரு கூழ், காலனிக் கோவிலில் ஒரு கூழ். மாரி ஒருத்திதான் என்று சொல்வார்கள், அண்டா இரண்டு.

இந்த இடத்தில் கொஞ்சம் தொலைவாகப் போய் வருவோம். தெற்கு சூடானின் கிழக்கு எக்குவடோரியா மாநிலத்தில், கபோயட்டா நகரைச் சுற்றித் தொப்போசா மக்கள் வாழ்கிறார்கள். மாடு மேய்ப்பவர்கள், சோளம் விதைப்பவர்கள். கென்யாவின் துர்க்கானா மக்களும் உகாண்டாவின் கரமோஜோங் மக்களும் பேசும் மொழிகளுக்கு உறவான மொழி அவர்களுடையது. அவர்கள் மரத்தில் செதுக்கிய கரண்டி ஒன்றைப் பற்றிய குறிப்பைப் படித்தபோதுதான் எங்களுக்கு இந்தப் பேச்சுக்கான பொறி தட்டியது. அந்தக் கரண்டி துழாவுகிற சோளம் கிழக்கு சூடான் பகுதியில் முதலில் பயிராக்கப்பட்டது என்பது தொல்தாவரவியல் ஆய்வாளர்களின் முடிவு. நம் கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களிலிருந்து வந்தது. கம்பு மேற்கு ஆப்பிரிக்காவின் சகேல் பகுதியிலிருந்து வந்தது. இவை பல்லாயிரம் கல் கடந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவை. ஆக, நாம் 'நம்ம கூழு' என்று சொல்வதன் தானியம் அந்தப் பக்கத்துத் தானியம். தொப்போசா வீட்டுக் கரண்டியும் நம் வீட்டுத் துடுப்பும் ஏறத்தாழ ஒரே குடும்பத்துச் சோற்றைத்தான் கிண்டியிருக்கின்றன.

ஆக்ஸ்ஃபோர்டில் 1884இல் தொடங்கிய பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் தெற்கு சூடான் மக்களின் அன்றாடப் பொருள்கள் பெரிய தொகுப்பாக உள்ளன. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவு. எந்த மக்கள், என்ன மரம், எப்படிச் செதுக்கியது, நீளம் எவ்வளவு, யார் சேகரித்தது, எந்த ஆண்டு. நம்மை ஆண்ட நாட்டின் அருங்காட்சியகம் அது. எந்த உறவில் நின்று இந்தப் பொருள்கள் அங்கே போய்ச் சேர்ந்தன என்று கேட்காமல் விட முடியாது. ஆனாலும் ஒரு மரக்கரண்டிக்கு ஒரு பதிவு போடத் தோன்றியிருக்கிறதே என்று பொறாமையாக இருந்தது. அடுத்த நிமிடமே அந்தப் பதிவின் குறையும் தெரிந்தது. அகலம் நீளம் கேட்ட பதிவு, அந்தக் கரண்டியால் யார் யாருக்குப் பரிமாறினார்கள், யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்று கேட்கவில்லை. நம் நாட்டில் அதைக் கேட்காமல் ஒரு கரண்டியின் வரலாற்றை எழுத முடியாது.

எழுதப்படாதது எல்லாக் கரண்டியும் அல்ல என்பதையும் சொல்லிவிடுவோம். வேள்விக்கான மரக்கரண்டிகளைப் பற்றி வடமொழிச் சடங்கு நூல்கள் மிக நுணுக்கமாகப் பேசுகின்றன. நெய்யை முகக்கும் சுருவம் கருங்காலியில் செய்யப்பட வேண்டும். தீயில் சொரியும் ஜுஹு பலாச மரத்தில், உபபிருதம் அரச மரத்தில். வேள்வி செய்தவர் இறந்தால் அந்தக் கரண்டிகளை உடலின் எந்தெந்த உறுப்பின்மேல் வைத்து எரிக்க வேண்டும் என்றுகூட விதி இருக்கிறது. மரத்தின் பெயர், வடிவம், அளவு, முடிவு எல்லாம் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக மனப்பாடமாகவும் ஏடாகவும் வந்துகொண்டிருக்கின்றன. நெருப்புக்கு ஊட்டிய கரண்டிக்கு இவ்வளவு. மனிதருக்கு ஊட்டிய துடுப்புக்கு ஒரு வரியும் எழுதவில்லை. மரத்தில் வேறுபாடு இல்லை. எழுதுகோல் யாரிடம் இருந்தது என்பதில்தான் வேறுபாடு. கோவிலில் தீர்த்தம் தரும் உத்தரணியையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். விரல் நீளமே உள்ள கரண்டிதான். அதுவும் சிலருக்குக் கொஞ்சம் உயரத்திலிருந்தே கவிழும்.

அகப்பை ஊற்றியது கஞ்சியை. கூலியை அளந்தது மரக்கால். பெயரிலேயே மரம் இருக்கிறது பாருங்கள். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். வீராணத்துப் பாசனத்திலும் வெள்ளாற்றுப் பாசனத்திலும் வேலை செய்த பண்ணையாட்களின் வாழ்க்கை இந்தச் சொற்களுக்குள்தான் அடங்கிக் கிடந்தது. பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டிய வீராணம் ஏரியைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் உண்டு. அந்த ஏரித் தண்ணீரில் விளைந்த நெல்லை அளந்த மரக்காலைப் பற்றி எங்கே இருக்கிறது? களத்தில் நெல்லை வாங்கும்போது கூம்பாகக் குவித்து அளப்பதும், கூலி கொடுக்கும்போது தலை தட்டி அளப்பதும் நம் பெரியவர்கள் ஒவ்வொருவரும் சொல்கிற கதை. அளக்கிற பாத்திரம் ஒன்றுதான். அளக்கிற கை யாருடையது என்பதைப் பொறுத்து ஒரு மரக்காலுக்கு இரண்டு கொள்ளளவு.

அந்தத் தலைதட்டலை எதிர்த்ததன் விலை நமக்குத் தெரியும். கீழத் தஞ்சையில் கூலித் தொழிலாளர்கள் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். அதோடு செங்கொடியை இறக்கச் சொன்னபோது மறுத்தார்கள். 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை விடுவித்தது. வெண்மணியைப் பற்றி இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று ஒன்றை மட்டும் சேர்க்கிறோம். அந்த அரைப்படி நெல் உயிர்வாழத் தேவைப்பட்ட நெல்தான். ஆனால் கேட்டவர்கள் நெல்லை மட்டும் கேட்கவில்லை. எவ்வளவு அளப்பது என்று முடிவு செய்கிற இடத்தில் தமக்கும் ஒரு கை வேண்டும் என்று கேட்டார்கள். மரக்காலின் விளிம்பில் கை வைத்ததற்குத்தான் அந்தத் தீ.

அரசும் ஓர் அகப்பைக்காரன்தான். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொல்லும் 1876–78 பஞ்சத்தில், நிவாரண வேலைக்கு வந்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் அது உயிர்வாழப் போதாது என்று எதிர்த்து எழுதினார். சோற்றை அறிவியலின் பெயரால் தலைதட்டி அளந்த முதல் பெரிய நிகழ்ச்சிகளில் அது ஒன்று. கஞ்சித்தொட்டி என்ற சொல் நம் வாயில் தங்கிவிட்டதும் அந்தப் பஞ்சங்களின் வழியாகத்தான்.

இனி தண்ணீருக்கு வருவோம். அண்ணல் அம்பேத்கர் தன் பள்ளிப் பருவத்தைப் பற்றி எழுதியதை மாணவர்கள் படித்திருப்பீர்கள். தாகம் எடுத்தால் குழாயைத் தானே திறக்கக் கூடாது, பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட வேண்டும். அவர் வராத நாளில் தண்ணீர் இல்லை. பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தபோது நம்மில் பலரை உலுக்கிய காட்சிகளில் ஒன்று, பாட்டி வேலை செய்யும் வீட்டில் நாலடி உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றப்படுவதும் பாட்டி கை குவித்துக் குடிப்பதும். மராட்டியப் பள்ளிக்கூடத்துக் குழாய், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வாசல், வெள்ளாற்றங்கரைக் கொட்டாங்குச்சி. மூன்றுக்கும் இடையில் எத்தனையோ மொழியும் தூரமும் இருக்கின்றன. இயங்கும் விதி ஒன்றுதான். வாங்குகிறவர் ஏந்தலாம், தானாக எடுக்கக் கூடாது.

தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை இதன் தொடர்ச்சி. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976இல் அது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமாகப் பெயர் மாறியது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. கொட்டாங்குச்சி போய் அலுமினியக் குவளை வந்தது, அது போய்த் தனிக் கண்ணாடி டம்ளர் வந்தது. பல ஊர்களில் இதை முடித்துவைத்தது சட்டமா, மனமாற்றமா என்று கேட்டால் பேப்பர் கப் என்றுதான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு எறிகிற கப்பை யாரும் கழுவ வேண்டியதில்லை. கழுவ வேண்டிய அவசியம் போனபோது தனிக் குவளையின் அவசியமும் போனது. அதைச் சமத்துவம் என்று கணக்கெழுதிக்கொண்ட நண்பர்கள் நமக்கு உண்டு.

நெய்வேலியில் வேறொரு கரண்டி இருந்தது. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. சட்டப் புத்தகத்தில் யாரும் கவனிக்காத பிரிவு. எங்கள் அப்பாமார்களின் தலைமுறை அதைக் கவனித்தது. ஒப்பந்தக் கூலியாக உள்ளே போனவர்கள் ஒரே வரிசையில் நின்று, ஒரே அண்டாவிலிருந்து, ஒரே கரண்டியால் சோறு வாங்கினார்கள். கரண்டி எல்லார் தட்டுக்கும் ஒரே உயரத்தில் இறங்கியது. "மொத நாளு தட்ட ரொம்ப கீழ புடிச்சேன், பரிமாறுனவரு தட்ட மேல தூக்குங்கன்னாரு" என்று ஒருவர் சொன்னது இன்றும் எங்கள் வீட்டில் பேச்சு. 'தூக்குங்க' என்ற அந்த மரியாதைதான் அவருக்குச் சோற்றைவிடப் பெரிதாக இருந்தது. வேலை முடிந்து பேருந்தேறி ஊருக்கு வந்தால் அதே மனிதருக்கு அதே மாலையில் தனி டம்ளர். ஒரு பேருந்துப் பயணத்துக்குள் இரண்டு நூற்றாண்டு. தொழிற்சாலை வந்தால் சாதி தானாகக் கரைந்துவிடும் என்று எழுதிய சமூகவியல் பாடநூல்களை நாங்களும் முதுகலையில் படித்தோம். பாடநூல் எழுதியவர்கள் அந்தப் பேருந்தில் ஏறியிருக்கலாம்.

நம் பழமொழி ஒன்று உண்டு. அகப்பைக்காரன் தன்னவனானால் அடிப்பந்தியில் இருந்தாலென்ன, கடைப்பந்தியில் இருந்தாலென்ன என்று. சோற்றின் அரசியலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பழமொழியைச் சொன்னவர் பந்திக்குள் இருக்கிறவர். அடிப்பந்தியோ கடைப்பந்தியோ, அவருக்கு ஓர் இலை நிச்சயம். பந்தி எழுந்த பிறகு வாங்கிப் போகிறவர்களுக்கு அகப்பைக்காரன் எந்நாளும் தன்னவனாக இருந்ததில்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் 1924–25இல் பெரும் புயல் கிளம்பியதை அறிவீர்கள். வ.வே.சு. ஐயர் நடத்திய அந்தக் குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனியாகச் சோறு பரிமாறியதை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் போராடினார்கள். தமிழக அரசியலையே திருப்பிப் போட்ட பந்தி அது. அந்தப் போராட்டத்தின் நியாயத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் விவாதம் முழுக்கப் பிராமணர், பிராமணரல்லாதார் என்ற கோட்டின்மேல்தான் நடந்தது. பந்திக்கு வெளியே நின்றவர்களின் இலை எங்கே என்ற கேள்வி அந்தக் கோட்டுக்குக் கீழே தங்கிவிட்டது.

அந்தக் கேள்விக்கு வேறொரு திசையிலிருந்து பதில் வந்தது, அதுவும் நமக்குப் பக்கத்திலேயே. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். நம் பிள்ளைகளுக்குப் பள்ளி, தங்கிப் படிக்க விடுதி. அவரைக் கல்வித் தந்தை என்று நாம் வணங்குவது சரிதான், ஆனால் விடுதிச் சமையற்கட்டைப் பற்றி நாம் பேசுவதில்லை. யாரிடமும் ஏந்தாமல், தங்கள் சட்டியிலிருந்து தங்கள் அகப்பையால் போட்டுச் சாப்பிடுகிற பிள்ளைகளை ஒரு விடுதி உருவாக்குகிறது. 1959இல் அவர் மறைந்தார். இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் பலர் இன்று ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கியிருக்கிறீர்கள். சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று போன மாதம்கூட எங்களிடம் சொன்னீர்கள். அதற்காக நீங்கள் போராட வேண்டும். போராடும்போது அந்தச் சமையற்கட்டு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளியில் சோறு போடுவதன் வரலாறு உங்களுக்குத் தேர்வுக்கே வரும். 1920இல் சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல். காமராசர் 1956இல் மதிய உணவைத் தமிழகம் முழுவதற்கும் கொண்டுபோனார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1ஆம் நாள் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. இந்த நான்கு தேதிகளும் 'யாருக்குச் சோறு' என்ற கேள்வியின் தேதிகள். 'யார் கையால் சோறு' என்ற கேள்விக்கான தேதி வேறு. 2004 ஏப்ரல் 20. உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் அன்று பிறப்பித்த ஆணை, மதிய உணவுச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரச் சொன்னது. எங்கள் பார்வையில், சாதி ஒழிப்பு வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை. வாங்கும் உரிமையைப் பற்றிப் பேசிய ஆணைகள் பல உண்டு. காம்பைப் பிடிக்கும் உரிமையைப் பற்றிப் பேசியது இது.

காம்பு கை மாறியவுடன் என்ன நடந்தது என்று பாருங்கள். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்கு அருந்ததியர் சமூகத்துப் பெண் ஒருவர் சமையலராக வந்தார். அவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடமாற்றியதுதான். இயக்கங்கள் போராடிய பிறகு இடமாற்றம் ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2023 செப்டம்பரில், காலை உணவு மாநிலம் முழுக்கப் பரவிய சில நாட்களுக்குள், கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரிலும் தூத்துக்குடி மாவட்டத்தில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியிலும் அதே கதை. பட்டியல் சாதிப் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிட வேண்டாம் என்று பெற்றோர் தடுத்தார்கள். கரூரில் மாவட்ட ஆட்சியர் நேரில் போனார். உசிலம்பட்டியில் நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

தலைவர்கள் போய்ச் சாப்பிட்டதை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் அந்தப் புகைப்படத்தில் நம் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். சாப்பிடுகிறவர்மேல் போகிறது. பரிமாறியவர் ஓரத்தில் நிற்கிறார். நூறாண்டாகச் சமபந்திப் போசனம் என்ற சடங்கை நடத்திவருகிறோம். அதில் பெரியவர்கள் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள், மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். பக்கத்தில் உட்காருவதை ஒருநாள் பொறுத்துக்கொள்ள சாதி பழகிவிட்டது. நம் கையால் சமைத்ததை நாள்தோறும் தன் பிள்ளை சாப்பிடுவதைத்தான் அதனால் பொறுக்க முடியவில்லை. உட்காருகிற இடத்திலும் அப்படியொன்றும் பொறுமை வந்துவிடவில்லை. சிதம்பரம் பக்கத்தில் தெற்குத்திட்டையில் 2020இல் ஊராட்சி மன்றத் தலைவரைத் தரையில் உட்காரவைத்த படம் நம் எல்லோர் கைப்பேசியிலும் வந்தது. ஆக நாற்காலியும் அகப்பையும் ஒரே மரத்தில் செய்தவைதான்.

நம் பக்கத்தில் ஆயா என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். பெற்றவரைப் பெற்றவள் ஆயா. சத்துணவுக் கூடத்தில் சோறு போடுகிறவரையும் பிள்ளைகள் ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அரசாணையில் சமையலர், சமையல் உதவியாளர். பிள்ளைகள் வாயில் ஆயா. கண் உள்ள மூடியை விரலால் பொத்திக் குடித்த ஆயாவின் பேத்தி இன்று சத்துணவு ஆயாவாக நிற்கிற ஊர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. அவர் கையில் நீளக் காம்புள்ள அலுமினியக் கரண்டி. ஊர்த்தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் தட்டை நீட்டுகிறார்கள். அவருக்குக் கொடுக்கிற ஊதியம் போதவில்லை. காம்பு கைக்கு வந்துவிட்டது, மரக்கால் வரவில்லை.

கடைசியாக நம் காலடி மண்ணைப் பற்றி. 2023 ஜூலை 26ஆம் நாள் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காகப் பயிர் நின்ற நெல்வயலுக்குள் மண்வாரி எந்திரங்கள் இறங்கியதை நாம் பார்த்தோம். வழக்கு உயர்நீதிமன்றம் போனது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். நிலம் இழந்த விவசாயிகளின் பக்கம் நாமும் நின்றோம், நிற்போம். அதே நேரத்தில் அந்த வயலில் களை பறித்து, அறுத்து, கூலி வாங்கியிருக்க வேண்டிய காலனிப் பெண்களுக்கு எவ்வளவு என்று நாம்தான் கேட்க வேண்டியிருந்தது. 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் நிலமில்லாத விவசாயக் கூலிக் குடும்பங்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. வரையறை சட்டியில் இருக்கிறது.

சுரங்கம் விரியும்போது ஒரு காலனி காலியாகிறது என்று வையுங்கள். அதிகாரிகள் பட்டியல் எடுப்பார்கள். கல்வீடா கூரைவீடா, எத்தனை தென்னை, கிணறு உண்டா. பரணில் கிடக்கும் அகப்பை அந்தப் பட்டியலில் வராது. வர வேண்டும் என்றும் கேட்கவில்லை, அதற்கு யார் என்ன விலை போட முடியும்? நாம் கேட்பது வேறு. வீட்டைப் பிரிக்கும்போது எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்று முடிவெடுக்க ஒரு நாள் கிடைத்தால் அதிகம். அடுப்பு விறகாகப் போகிற முதல் பொருள் அந்தத் துடுப்பும் மூடியும்தான். அவற்றோடு, வேலியில் செருகி வைத்திருந்த கதையைச் சொல்லக்கூடியவர்களும் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

அதனால் மாணவர்களிடம் ஒரு வேலை கொடுக்கிறோம். நம் அரங்கத்துக்கு அருங்காட்சியகம் கட்டப் பணமும் இல்லை, இடமும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உங்கள் ஊரில் அகப்பையோ துடுப்போ மரக்காலோ படியோ இருந்தால் அதை அளந்து எழுதுங்கள். எந்த மரம், யார் செய்தது, காம்பு எத்தனை விரற்கடை என்று எழுதுங்கள். பிறகு அந்த அருங்காட்சியகப் பதிவு கேட்காததைக் கேளுங்கள். இதை யார் பிடித்தார்கள், யாருக்கு ஊற்றினார்கள், வாங்கினவர்கள் எங்கே நின்றார்கள், எதில் வாங்கினார்கள், எந்த ஆண்டுவாக்கில் அது நின்றது, எதனால் நின்றது. சொல்கிறவர் சொல்கிற சொல்லிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போடாதீர்கள். ஊர்த்தெருவில் பேச முடிந்தவர்கள் அங்கேயும் கேளுங்கள். ஊற்றிய கைக்கும் நினைவு இருக்கும், அது பேசுமா என்று பார்ப்போம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நோட்டைக் கொண்டுவாருங்கள். பொருளையே கொடுக்கிறவர்கள் இருந்தால் துணியில் சுற்றி எடுத்துவாருங்கள், கொட்டாங்குச்சி பழசானால் சட்டென்று விண்டுபோகும்.